எஞ்சிய முக்கால் பங்கு

மே மாதத்து முதல் வாரம், கத்திரி வெயில் தொடங்கிவிட்ட ஒரு நாளின் காலை ஏழு மணிக்கு, மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலைப் பக்கம் பால் வாங்கப் போன நான், எங்கள் தெருவைச் சேர்ந்த பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவன், முதுகை வளைக்கும் புத்தகப் பையோடும், அரைகுறையாகத் தின்று மடித்த இட்லிப் பொட்டலத்தோடும் ஷேர் ஆட்டோவுக்காகக் காத்து நிற்பதைக் கண்டேன். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டு இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

“லீவுதானேப்பா, எங்கே கிளம்பிட்டே?” என்றேன்.

“டென்த் போர்ஷன் ஆரம்பிச்சிட்டாங்க, தாத்தா. யூனிஃபார்ம் போட்டுட்டு வரக் கூடாதாம். கலர் டிரஸ்லதான் வரணும்னு சொல்லியிருக்காங்க.”

சீருடை ஏன் கூடாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தலாகாது என்று பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் சுற்றறிக்கை விடுகிறது. ஆகையால் வகுப்பு நடப்பது வெளியே தெரியக் கூடாது. பத்தாம் வகுப்பின் முதல் பாடத்தைக் கற்பதற்கு முன்பே, விதி ஒன்று இருந்தால் உடையை மாற்றிக்கொண்டு அதைக் கடந்து போகலாம் என்ற பாடத்தைத் தான் மதிக்கும் பெரியவர்களிடமிருந்தே அந்தப் பிள்ளை கற்றுவிட்டான் என்பது என் மனத்தை வெகுவாக வருத்தியது. ஆயினும், விதி மீறப்படுகிறது என்ற காரணத்துக்காக மாத்திரம் நான் இதை ஆக்ஷேபிக்க வரவில்லை. அப்படி ஒரு விதியே இல்லாதிருந்தாலும் இவ்வழக்கம் தவறானதே. இதற்கு ஆதாரமாக நம்முடைய சமூகத்தில் வேரூன்றியிருக்கும் அபிப்பிராயமே தவறானது என்பதுதான் என் கட்சி.

அந்த அபிப்பிராயம் என்னவென்பதை நியாயமாகவே எடுத்துச் சொல்கிறேன். பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் என்று நம் புறநகரின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நின்றாலும், “லீவுல சும்மாதானே இருக்கான், இப்பவே போர்ஷனை முடிச்சிட்டா ஜூன்லேருந்து ரிவிஷன் பண்ணலாம்” என்ற வார்த்தையைக் கேட்கலாம். இதைச் சொல்பவர்கள் தம் பிள்ளைகளின் விரோதிகள் அல்லர். தாம் உண்ணாவிட்டாலும் பிள்ளையின் கட்டணத்தைக் கட்டிவிடும் தாய்தந்தையர். நீட் தேர்வும், கட்-ஆஃப் கணக்கும், அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணும் அவர்களுடைய நித்திரையைக் கெடுத்திருக்கின்றன. ஆனால் அவர்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று நம்பிக்கைகள் அடங்கியிருக்கின்றன: ஆசிரியர் எதிரே உட்கார்ந்திருக்கும் நேரம்தான் கற்கும் நேரம் என்பது ஒன்று, ஒரு பாடத்தை எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை என்பது மற்றொன்று, வகுப்பில்லாத பொழுது ‘சும்மா’ இருக்கும் பொழுது, அதாவது வீண் பொழுது, என்பது மூன்றாவது. இம்மூன்றையும் நான் மறுக்கிறேன்.

முதல் நம்பிக்கையை மறுக்க நான் மேல்நாட்டுச் சாஸ்திரங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அதன் பாயிரத்திலேயே மாணாக்கன் பாடங்கேட்கும் முறையை வகுத்துச் சொல்லும்போது, ஒரு நூலை இரண்டாம் முறை கேட்பவனுக்குப் பிழை குறையும் என்றும், மூன்றாம் முறை கேட்பவன் அதை முறையறிந்து எடுத்துரைப்பான் என்றும் திரும்பக் கேட்பதன் சிறப்பை ஒப்புக்கொண்டபின், ஒரு கணக்கை நம் முன் வைக்கிறார். ஆசிரியர் உரைத்ததை ஒருவன் முழுமையாகவே மனத்தில் வாங்கிக்கொண்டாலும், அவன் அடையும் புலமை காற்பங்குதான். உடன் பயில்வாரோடு கூடிப் பழகுவதில் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குத் தெளிய விரித்துரைக்கும்போதுதான் நிரம்பும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளின் ஓராண்டைச் சற்றே பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஏப்ரல் வரை, காலை எட்டரை முதல் மாலை நாலு வரை பள்ளியிலும், அதன்பின் எட்டு மணி வரை டியூஷனிலும், பிறர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்வதிலேயே அவர்களுடைய பொழுது கழிகிறது. உடன் பயில்வாரோடு பேசினால் வகுப்பில் சத்தம் என்று தண்டனை. பிறர்க்கு விரித்துரைக்கவோ சந்தர்ப்பமே இல்லை. பவணந்தியார் கூறிய நான்கு கால்களில் ஒரே காலை மேன்மேலும் பருக்க வைத்துவிட்டு, மற்ற மூன்றையும் சூம்ப விட்டிருக்கிறோம். அந்த மூன்றுக்கும் இடமளிக்கக்கூடிய காலம் விடுமுறை ஒன்றுதான். அதையும் எடுத்து அந்தப் பருத்த காலுக்கே தீனியாகப் போடுவதைத்தான் ‘விடுமுறையைப் பயன்படுத்திக்கொள்வது’ என்கிறோம்.

விரித்துரைப்பது எத்தகைய கல்வி என்பதை நான் என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். சென்ற ஆண்டுக் கோடையில் ஒரு மாலை, மின்சாரம் நின்றுபோனதால் எங்கள் குடியிருப்பின் மாடிப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்த ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவள், ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்த தன் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“மைனஸை மைனஸால பெருக்கினா ஏன்க்கா பிளஸ் வருது?”

“ரூல் அப்படித்தான்டா.”

“ரூல் ஏன் அப்படி?”

அவள் வாயடைத்துப் போனாள். நூறு மதிப்பெண் வாங்கிக்கொடுத்த அந்த விதியின் காரணம் தனக்குத் தெரியாது என்பதை அந்த இருட்டில் அவள் முதன்முதலாக உணர்ந்தாள் என்றே நினைக்கிறேன். மூன்று நாள் கழித்து அதே படிக்கட்டில் சாக்குக்கட்டியால் வரிவரியாக எழுதிக் காட்டினாள்: மூன்றை மைனஸ் இரண்டால் பெருக்கினால் மைனஸ் ஆறு, இரண்டைப் பெருக்கினால் மைனஸ் நான்கு, ஒன்றைப் பெருக்கினால் மைனஸ் இரண்டு, பூஜ்யத்தைப் பெருக்கினால் பூஜ்யம், ஒவ்வொரு படியிலும் விடை இரண்டிரண்டாக ஏறுகிறது, அப்படியானால் அதற்கடுத்த படியில், மைனஸ் ஒன்றைப் பெருக்கும்போது, பிளஸ் இரண்டு வந்துதானே தீர வேண்டும்? தம்பிக்கு எவ்வளவு புரிந்ததோ நான் அறியேன், அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த மூன்று நாட்களும் அவளுக்குக் கிடைத்தது, மறுநாள் வேறொரு பாடம் வந்து இந்தக் கேள்வியை அடித்துக்கொண்டு போகாமல் இருந்ததனால்தான். விடுமுறை வகுப்பு அவளுக்குப் பத்தாம் வகுப்பின் இரண்டு அத்தியாயங்களைக் கொடுத்திருக்கக்கூடும். இந்த மூன்று நாட்களைக் கொடுத்திருக்காது.

இனி இரண்டாவது நம்பிக்கைக்கு வருகிறேன். முந்தித் தொடங்குவதால் நன்மை உண்டென்றால், அந்தப் பரீட்சையை இந்த மாநிலம் பல ஆண்டுகள் நடத்திப் பார்த்துவிட்டது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பெயருக்கு வைத்துக்கொண்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் நடத்துவது ஒரு காலத்தில் தனியார் பள்ளிகள் பலவற்றின் ரகசியமல்லாத ரகசியமாக இருந்தது. மதிப்பெண்கள் குவிந்தன. ஆனால் அடிப்படை பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பிலேயே இருந்தபடியால், நுழைவுத் தேர்வுகளுக்கு முன்பும், கல்லூரியின் முதலாண்டிலும் அந்தப் பிள்ளைகள் தடுமாறினார்கள். அதைத் திருத்துவதற்காகவே 2017இல் அரசு பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வை அறிவித்து, 2018 மார்ச்சில் முதன்முறையாக நடத்தியது. பிள்ளைகளின் சுமையைக் கருதி, 2025 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை நீக்கியது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இத்தனை ஆண்டுகள் கூடுதலாக ஒரு பொதுத்தேர்வின் பாரத்தைத் தாங்கியது, பெரியவர்களாகிய நாம் பாடத்தை முந்தி நடத்த ஆசைப்பட்ட பிழைக்காகத்தான். அந்தத் தேர்வு போய்விட்டது. அந்த ஆசை போகவில்லை. மே மாதத்து வகுப்புகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

“முந்தித் தொடங்காவிட்டால் போகட்டும், இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடாவிட்டால் படித்ததெல்லாம் மறந்துபோகுமே” என்று சொல்பவர்களுடைய வாதத்தில் சத்தியம் இருக்கிறது. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் முதலியோர் 1996இல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நீண்ட கோடை விடுமுறைக்குப் பின் மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்குப் பின்தங்குகிறார்கள் என்று கண்டார்கள். ஆனால் அந்த நஷ்டம் எதில் அதிகம் என்றும் அவர்கள் கண்டார்கள்: கணக்குப் போடும் பழக்கத்திலும், எழுத்துக்கூட்டிப் பிழையின்றி எழுதுவதிலும். இவை இரண்டும் அன்றாடப் பயிற்சியால் நிலைப்பவை. அவற்றைக் காக்க நாளொன்றுக்கு அரை மணி நேரம், பழைய பாடத்திலிருந்து பத்துக் கணக்கும் ஒரு பக்க எழுத்தும் போதும். மறதிக்கு மருந்து பழையதைத் திரும்பத் தொடுவதே. அதன் தலைமேல் புதியதைக் கொட்டுவது மருந்தாகாது.

அந்தத் திரும்பத் தொடுதலும் இடைவெளி விட்டே நடக்க வேண்டும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம்மையே பரீட்சித்து, 1885இல் வெளியிட்ட நூலில், ஒரே நாளில் 68 முறை திரும்பச் சொல்லியும் கிடைத்த பலன், மூன்று நாட்களில் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே கிடைத்ததைக் குறித்திருக்கிறார். நாட்களுக்கிடையே விட்ட இடைவெளியே அவருக்கு ஏறக்குறையப் பாதி உழைப்பை மிச்சப்படுத்திக் கொடுத்தது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் அமெரிக்க மாணவர்களிடம் நடத்திய சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிஷத்துக்குப் பின் வைத்த தேர்வில் முந்தினார்கள். புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரத்துக்குப் பின் வைத்த தேர்வில் முந்தினார்கள். ஓயாத வகுப்பும், வகுப்பு முடிந்த கையோடு வைக்கும் ஸ்லிப் டெஸ்ட்டும் தருவது அந்த ஐந்து நிமிஷத்து வெற்றியை. நம் பிள்ளைகளுக்கு வேண்டியது ஒரு வாரத்துக்கும், ஒரு வருஷத்துக்கும், ஓர் ஆயுளுக்கும் நிற்கும் கல்வி.

மூன்றாவது நம்பிக்கை, ஓய்வு வீண் என்பது, நம் சொந்த மரபுக்கே விரோதமானது. வேத பாடசாலைகளில் பிரதமை, அஷ்டமி, சதுர்த்தசி, அமாவாசை, பௌர்ணமி ஆகிய திதிகள் அநத்யயன நாட்கள். அன்று புதுப்பாடம் ஓதலாகாது. ஆயிரக்கணக்கான வரிகளை ஒரு ஸ்வரம் பிசகாமல் நெஞ்சில் ஏற்ற வேண்டிய கடுமையான கல்வியே, கல்லாத நாட்களைத் தன் அங்கமாக வைத்திருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும், அமாவாசை, பௌர்ணமியாகிய உவா நாட்களை ஒட்டி ‘வாவு’ என்று விடுமுறை உண்டு. ஓலையும் எழுத்தாணியும் கொண்டு படித்த அந்தக் காலத்தவர்களுக்கு ஞாபகமே புத்தகம். அது எப்போது நிரம்பும், எப்போது வழியும் என்பதை அவர்கள் அநுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

அவர்கள் அநுபவத்தால் அறிந்ததைப் பின்னாளைய ஆராய்ச்சியும் மறுக்கவில்லை. 1924இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்பவர்கள், கற்றபின் விழித்திருந்தபோது நினைவில் நின்றதைக் காட்டிலும், அதே நேரம் உறங்கியபோது நினைவில் நின்றது அதிகம் என்று காட்டினார்கள். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது. இரவு பதினொன்றரைக்குப் படுத்து, காலை ஐந்தரைக்கு எழுப்பப்படும் நம் பிள்ளைகளுக்கு அது பத்து மாதமும் கிட்டுவதில்லை. மே மாதத்திலும் அதைப் பறித்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை? உறங்குபவன் கற்றதை உள்ளே அடுக்கிக்கொண்டிருக்கிறான். அவனைச் ‘சும்மா கிடக்கிறான்’ என்று சொல்வது விதைத்த நிலத்தைத் தரிசு என்று சொல்வதற்குச் சமானம்.

வெயிலையும் மறக்கலாகாது. 2023இல் வெயிலின் கொடுமையால் பள்ளித் திறப்பு தள்ளித் தள்ளி, ஆறாம் வகுப்பு முதல் மேலே படிப்பவர்களுக்கு ஜூன் 12க்கும், சிறுவர்களுக்கு ஜூன் 14க்கும் போயிற்று. 2024இல் ஜூன் 6 என்றிருந்தது 10 ஆயிற்று. ஜூன் வெயிலில் பிள்ளைகளை வெளியே அனுப்பலாகாது என்று அரசாங்கமே தயங்கும்போது, அதைவிடக் கொடிய மே மாதத்து மத்தியானத்தில், தகரக் கூரை போட்ட மொட்டைமாடி டியூஷன் கொட்டகையில் நாற்பது பேரை உட்கார வைப்பதைக் கல்வி என்று எப்படி அழைப்பது?

இங்கே எழக்கூடிய இரண்டு ஆட்சேபங்கள் கனமானவை. “வகுப்புக்கு அனுப்பாவிட்டால் நாளெல்லாம் செல்போனிலேயே விழுந்து கிடப்பான்” என்பது முதலாவது. நான் பார்த்தவரையில், மத்தியானம் ஒரு மணிக்கு வெயிலில் வதங்கி வீடு திரும்பும் பிள்ளைதான், வேறெதற்கும் தெம்பில்லாமல், செல்போனை எடுத்துக்கொண்டு படுத்துவிடுகிறான். களைத்த மனம் தேடும் எளிய புகலிடம் அது. தம்பியோடு சண்டையிடவும், மைதானத்தில் பந்தடிக்கவும், மாமா வீட்டுக்குப் போகவும் தெம்புள்ள பிள்ளையை அது அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை, பிடித்தாலும் விடுவிக்கலாம்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. அதைச் சொல்பவர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டு. கணவன் அம்பத்தூருக்கும் மனைவி சோழிங்கநல்லூருக்கும் வேலைக்குப் போகிறார்கள்; வீட்டில் பெரியவர்கள் இல்லை; பிள்ளையை எங்கே விடுவது? வகுப்பு என்பது அவர்களுக்குக் கல்வியைக் காட்டிலும் ஒரு காவல். அப்படியானால் காவலை ஏற்பாடு செய்வோம். அதற்குக் கல்வி என்று பெயரிட வேண்டாம். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் விடாமுயற்சிக்குப் பலனாக வந்தது. அச்சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே நாம் கட்டிவருகிறோம். அதாவது, பிள்ளை உட்கார்ந்து படிக்க ஓர் இடத்துக்கு விலை கொடுத்துவிட்ட பிறகு, மற்றோர் இடத்துக்கு மறுபடியும் கட்டணம் கட்டுகிறோம். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் நகராட்சிகளை ஒன்றாக்கி 2021இல் மாநகராட்சி கண்டவர்கள், வார்டுக்கு ஒரு வாசக அறையை மே மாதம் முழுவதும் மின்விசிறியோடும் குடிநீரோடும் திறந்து வைக்கும்படி நாம் கேட்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் தம் கூட்ட அறையைக் காலையில் பிள்ளைகளுக்கு விடலாம். ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்கள் முறை வைத்து அங்கே உட்கார்ந்திருக்கலாம். சிறு வீட்டில் தனியறை இல்லாத, அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கும் இதனால் நிழல் கிடைக்கும்; கட்டண வகுப்பால் அது கிடைக்காது.

இத்தனையும் சொல்வதால், விடுமுறையில் புத்தகத்தையே தொடலாகாது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். முதல் வாரம் ஒன்றும் வேண்டாம், உறங்கட்டும். அதன்பின் காலை ஆறரை முதல் எட்டரை வரை, வெயில் ஏறுமுன், இரண்டு மணி நேரம் போதும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறவர்கள் மேலும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். கடந்த ஆண்டில் கடினமாயிருந்த பாடங்களை நாளுக்கு ஒன்றாக எடுத்து, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்து, பிறகு திறந்து திருத்திக்கொள்ளட்டும். வாரத்தில் இரண்டு நாள், தன்னைவிடச் சிறிய பிள்ளை ஒன்றுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். மத்தியானம் நிழலும் தூக்கமும் நுங்கும். மாலை விளையாட்டு. தேர்வில் வராத ஒரு புத்தகம் எப்போதும் தலைமாட்டில் இருக்கட்டும்.

வாரத்தில் ஒரு நாள் கண்ணால் பார்க்கும் படிப்பு. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி அங்கேதான் ஒரு சரளைக் குழியில், மனிதக் கை செதுக்கிய கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்து, இந்த நாட்டின் பழங்கற்காலத்தை உலகுக்கு வெளிப்படுத்தினார். எத்தனையோ பேர் மிதித்துச் சென்ற சரளைதான் அது. ஐரோப்பாவில் இத்தகைய கற்கள் கிடைத்த செய்தியை அறிந்திருந்த ஒரு மனிதர், அவசரமில்லாமல் குனிந்து பார்த்தார். வரலாற்றுப் புத்தகத்தில் பல்லாவரம் என்ற பெயரைப் படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர், தாம் அன்றாடம் கடக்கும் அந்த நிலையம்தான் அது என்ற நினைவோடு ஒரு முறையேனும் இறங்கியிருக்கிறார்கள்? அரையாண்டு விடுமுறையில் பள்ளிக்கரணைக்குப் போனால், 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பு நிலத்தில் பூநாரைகள் நிற்பதைப் பார்க்கலாம். பார்த்த பிள்ளைக்கு உயிரியல் பாடத்தின் ஈரநிலம் வெறும் இரண்டு மதிப்பெண் வினாவாக இராது.

பெற்றோருக்கு முடிவாக ஒரு விண்ணப்பம். வரும் ஏப்ரலில் விடுமுறை வகுப்புக்கான கட்டணச் சீட்டு வீட்டுக்கு வரும்போது, அதில் கையெழுத்திடுவதற்கு முன் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, சென்ற ஆண்டு அவன் நல்ல மதிப்பெண் வாங்கிய பாடம் ஒன்றை, உங்களுக்குப் புரியும்படி, புத்தகத்தைப் பாராமல் விளக்கச் சொல்லுங்கள். நடுவில் ‘ஏன்’ என்று ஒரு முறை கேளுங்கள். அவனால் விளக்க முடிந்தால் அந்த வகுப்பு அவனுக்கு வேண்டியதில்லை. முடியாவிட்டால் அவனுக்குத் தேவை புதிய பாடம் அன்று. அந்த ‘ஏன்’ என்ற கேள்வியோடு இருக்க மூன்று நாள். அந்த மூன்று நாட்களை அவனுக்குக் கொடுப்பதற்குத்தான் விடுமுறை இருக்கிறது.